லைன் வீட்டுக்கு ஒரு பேர்

பந்தலூருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட். அங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீடு மனிதர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை, செக்ரோலில் இருக்கும் பேருக்குத்தான் கொடுக்கப்படும். தினம் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கிற புத்தகம்தான் செக்ரோல். குடும்பத்தில் யாராவது ஒருவர் பேர் அதில் இருக்கிறவரை இரண்டு அறையும் புகை படிந்த அடுப்படியும் நம்முடையவை. பேர் அதிலிருந்து போய்விட்டால் மாதக் கடைசிக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே போவாய் என்று எஸ்டேட் கேட்காது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்குக் கீழ்நாட்டுச் சமவெளியில் ஊர் என்று ஒன்று ஒரு காகிதத்தில் மட்டும் இருந்தது. அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளையை எஸ்டேட் வேலையில் நிறுத்திக்கொள்வார்கள். மற்றப் பிள்ளைகள் படிக்கலாம், வெளியே போகலாம். எங்கள் வீட்டில் நிறுத்தப்பட்டவள் நான்.

எதை வைத்து என்னை நிறுத்தினார்கள் என்று பல வருஷம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவுக்குக் கைகொடுக்க அண்ணனும் நானும் மலைக்குப் போவோம், தேயிலைக் காட்டை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். என் விரல்கள் தாமாக ஓடும். இரண்டு இலை, ஒரு கொழுந்து, நகம் படாமல் ஒடித்து இரண்டு கையாலும் கூடைக்குப் போடுவேன். அண்ணன் இலையை உருவுவான். முத்தலும் காம்பும் சேர்ந்தே வரும். ஒரு நாள் வேலை வாங்கும் கங்காணி அவன் பறித்ததை எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டி, "இது கையாடா, ஆட்டு வாயாடா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். அவ்வளவு பெருமை எனக்கு.

நான் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது அம்மா மழையில் வழுக்கி விழுந்தாள். முட்டி நொறுங்கிவிட்டது. இனி மலைக்கு ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். சாயங்காலம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"ஒனக்குக் கை ஓடுது, அவனுக்கு ஓடல. அவன நிப்பாட்டுனா நாலு நாள்ல வேணாம்னு அனுப்பிருவாங்க. ரெண்டு வருசம் நில்லு புள்ள. அவன் ஒரு வேலையில சேந்ததும் எல்லாரும் போயிரலாம்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் ஒரு துணிப்பையோடு கோயமுத்தூர் பஸ் ஏறினான், ஐ.டி.ஐ.யில் சேர. அதே வாரம் எனக்குப் பேர் பதிந்தார்கள். அந்த இரண்டு வருஷம் முப்பத்து நான்கு வருஷமாக நீண்டது.

பாஸாகியிருந்தேன். நல்ல மார்க். அதைப் பற்றி இப்போது பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. மற்றப் புத்தகங்களை அடுத்த செட் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு உயிரியல் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் பரிணாமம் என்று ஒரு பாடம். இயற்கைத் தேர்வு என்ற சொல்லை முதலில் படித்தபோது இயற்கை ஏதோ பரீட்சை வைக்கிறது, நன்றாக எழுதியவர்கள் மேலே போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மலையில் நின்றபோதுதான் சரியாகப் புரிந்தது. பரீட்சை வைக்க அங்கே யாரும் இல்லை. அந்தந்த இடத்துக்கு ஒத்துப்போனது மிஞ்சுகிறது, மற்றது போகிறது. மிஞ்சியதற்கு அதனால் சந்தோஷமா என்று யாரும் கேட்பதில்லை.

தேயிலை உண்மையில் மரம். விட்டால் வீட்டுக்கூரையைத் தாண்டி வளரும். பத்து நாளைக்கு ஒரு முறை கொழுந்தைக் கிள்ளி, நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை கவாத்து வெட்டி, அதை இடுப்புயரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். மேலே போக முடியாத மரம் பக்கவாட்டில் தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தளிருக்காகத்தான் அதை மேலே விடுவதில்லை. எத்தனையோ நாள் ஒரு வரிசையின் நடுவில் நின்று, நீயும் நானும் ஒன்றுதான் என்று அதனிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வரிசைக்காரிகள் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார்கள்.

விரல் நன்றாக ஓடியதால் கொஞ்ச காலம் நர்சரியில் போட்டார்கள். விளைச்சலில் சிறந்த செடிகளாகப் பார்த்துச் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் வைப்பார்கள். அவைதான் தாய்ச்செடிகள். ஒரு இலை, ஒரு விரல் நீளக் கொம்பு என்று சாய்வாக நறுக்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் ஊன்றுவோம். ஆயிரக்கணக்கான பைகளில் இருந்தது உண்மையில் ஒரே செடி. விதையில் வந்த பழைய மலையை மெல்ல மெல்லப் பிடுங்கி இந்தச் செடிகளை நட்டார்கள். பழைய மலையில் ஒரு செடிபோல் இன்னொன்று இருக்காது. ஒன்று பெரிய இலை, ஒன்று ஊதா நிறம், ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், இன்னொன்று சோம்பேறி. சூப்பர்வைசர்களுக்கு அது பிடிக்காது. பிறகு ஒரு மழைக்காலத்தில் கொப்புள நோய் வந்தது. புதிய மலை முழுக்க ஒரே வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக வெளுத்துவிட்டது. பழைய மலையில் மிச்சமிருந்த துண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் ஒன்றும் நடக்காததுபோல் நின்றன. விளைச்சலில் அவை கடைசி. அவற்றை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

களை பிடுங்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையின் தலைவலி புளியாரை. இழுத்தவுடன் தண்டு அறுந்து கையோடு வந்துவிடும். நாம் ஜெயித்தோம் என்று வீசிவிட்டு நகர்வோம். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். வேரோடு வந்த களைகளையெல்லாம் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே பிடுங்கி எறிந்தாயிற்று. அறுந்து கொடுத்துத் தப்பிப்பதை மட்டும் நாங்களே கைப்படப் பெருக்கியிருக்கிறோம்.

மனிதர்களின் பழக்கங்களும் இப்படித்தான் மாறின, ஆனால் வேகமாக. செடியின் ஈரத்துக்கும் முள்ளுக்கும் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொள்வோம், அதற்குப் படங்கு என்று பெயர். அம்மா கட்டியது சணல் சாக்கு. நான் வேலைக்கு வந்தபோது உரப்பை. இப்போது எல்லோரும் கட்டுவது ஃபிளெக்ஸ் பேனர். தேர்தல் முடிந்ததும் இரண்டு கட்சித் தலைவர்களும் எங்கள் இடுப்பில் கைகூப்பிக்கொண்டு மலையேறுவார்கள். சாக்கைக் கட்டாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. பக்கத்து வரிசையில் ஒருத்தி நனையாமல் இருந்தாள், அதைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

பிறகு கத்தரி வந்தது. ஆள் போதவில்லை, கையால் பறித்துக் கட்டுப்படியாகவில்லை என்று வேலி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெட்டிய இலை தரையில் விழுந்தது. எங்கள் லைனில் ஒருத்தி எண்ணெய் டின்னை அறுத்துக் கத்தரியின் தகட்டில் கம்பியால் கட்டினாள். மத்தியானச் சோற்றுக்கு முன்பே நாலு பேர் அதைப் பார்த்துச் செய்துவிட்டார்கள். ஒருத்தி டின்னின் சுவரை உயர்த்தினாள். ஒருத்தி பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினாள். டின்னுக்கு மூடி போட்டுப் பார்த்தவளும் உண்டு, அது அவளோடேயே போய்விட்டது. சில வருஷத்தில் கடையிலேயே தட்டு வைத்த கத்தரி வந்தது. பார்த்தால் எங்கள் கத்தரியின் தங்கச்சி மாதிரி இருந்தது. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் என்னால் ஒரு பேர் சொல்ல முடியாது.

எனக்கு அது பெரிய அடி. கத்தரிக்கு விரல் வேண்டாம், தோள் வேண்டும். எந்த விரலுக்காக என்னை நிறுத்தினார்களோ அந்த விரலுக்கு மலையில் வேலை இல்லை. நேற்று வந்த, இலை எது கொழுந்து எது என்று தெரியாத பெண்கள், உயரமாகவும் தோள் அகலமாகவும் இருந்ததால் என்னைவிட இரண்டு மடங்கு எடை காட்டினார்கள். அழுகை வந்தது. என்னை நிறுத்திய காரணம் போய்விட்டது, நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொண்டேன், மகள் பிறந்தாள், கணவர் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இருந்துகொண்டார். நான் கத்தரியைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். போன வருஷம் வலது தோள் முழுவதும் கெட்டுவிட்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததையே எனக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஆக, வீட்டுக்கு ஒரு பேர் வேண்டும். மகள் கூடலூர் காலேஜில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளே முன்வந்து சொன்னாள், "நான் பேர் பதிஞ்சுக்கிறேன்மா. ரெண்டு வருஷம்தானே. அம்மாச்சி இந்த வயசுல எங்க போகும்?"

அந்த "ரெண்டு வருஷ"த்தைக் கேட்டதும் திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூட்டிப்போ, நாங்கள் இரண்டு பேரும் பந்தலூரில் ஒரு ரூம் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். மறுநாளே வந்தான். சாப்பிட்டுவிட்டு, பொறுமையாகப் பேசுகிறவன்போல் பேசினான்.

"எங்க ஊட்டுல எடம் பத்தாதும்மா. புள்ள இப்போதைக்குப் பதிஞ்சுக்கட்டும். அம்மா இருக்கிற வரைக்கும் வீடு இருக்கணும்ல?"

மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். "நானும் ஒன்ன மாதிரி ஆட்டு வாயா பறிச்சிருக்கணும்ணே. இன்னைக்கு நீ இங்க நின்னுருப்ப" என்றேன்.

அவன் தட்டில் கையை அலம்பினான். பிறகு என்னைப் பார்க்காமல், "வேணும்னேதான் அப்படிப் பறிச்சேன்" என்றான். "நல்லாப் பறிச்சா நிப்பாட்டிருவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கு அவன்மேல் வந்தது கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. பதினைந்து வயதில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுக்கொண்டே நின்றானே, அதற்கு எத்தனை திராணி வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதன்பிறகு அவன்மேல் கோபமும் வந்தது, நிறைய.

அம்மா கட்டிலில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. காது கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"என்னாம்மா தெரியும்?"

"அவன் கை ஓடும். மலையோரத்துல, ஆளில்லாத எடத்துல அவன் பறிக்கிறத நான் பாத்துருக்கேன். ஒன்ன விட வேகம். ஆள் வந்ததும் ஆடு மாதிரி உருவுவான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மறைக்கத் தெரிஞ்சவன் வெளிய போனாப் பொழச்சுக்குவான். ஒனக்கு ஒன்னும் மறைக்கத் தெரியல. ஒன்ன எப்படி அனுப்புவேன்? மென்னு தின்னுருவாங்க. அதான் பக்கத்துல வச்சுக்கிட்டேன்."

முப்பத்து நான்கு வருஷம் என் விரலைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். விரலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. எதைப் பார்த்து ஒன்றை எடுக்கிறார்கள், எதைப் பார்த்து ஒன்றை விடுகிறார்கள் என்பது எடுக்கப்பட்டதற்குத் தெரிவதே இல்லை. அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அவள் சொன்னதில் பாதி பாசம், பாதி கணக்கு, எது எந்தப் பாதி என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தேன். மகள் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அகலமான தோள், அவள் அப்பாவைப் போல. முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது, என்னைப் போல.

மறுநாள் காலை அவளை எழுப்பாமல் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன், மரியாதையான பிள்ளை. என் தோள் பேப்பரைப் பார்த்துவிட்டுச் செக்ரோலைத் திறந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்களே. அவங்க பேரப் பதிஞ்சரலாமுங்க. நல்ல உசரமா, தாட்டியமா இருப்பாங்க, பாத்திருக்கறனுங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்கக்கா."

"அவளுக்கு முடியாதுங்க தம்பி" என்றேன்.

"ஏனுங்க?"

"தோள் சரியில்ல. சின்னதுல இருந்தே. கத்தரி என்னா, குடம்கூடத் தூக்க மாட்டா. எனக்கு இருக்கிறதுதான், எங்க வம்சத்துக்கே இருக்கு."

குரல் நடுங்கவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை. வேலையில் தேய்ந்த தோள் பிள்ளைக்கு இறங்காது என்று பிளஸ் டூ புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பையன் வேறு குரூப் படித்திருப்பான் போல. "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு நம்பருக்கு நேரே பேர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.