ரெண்டு கோட் நீலம்

துணி திருத்தும் கடையில் இருபது வருடமாகத் தைக்கும் அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நீலமாக எது கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பாட்டில் மூடி, அறுந்த செருப்பு வார், உடைந்த வாளித் துண்டு, ஒற்றைப் பொத்தான். எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி, ஐந்து மாதமாகக் கடல் செய்துகொண்டிருந்தாள். கீழே கரையோரம் வெளிர் நீலம், மேலே போகப் போகக் கருநீலம். வெயிலில் நரைத்த மூடிகளுக்காகவே தெருத் தெருவாக அலைந்திருக்கிறாள். நூலகத்தில் ஒரு சுவர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பலகை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வேறு ஆளுக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பலகை முழுக்கப் பளபளவென்று ஒரே கருநீலம். பக்கத்தில் அவள் கணவர், வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூடியெல்லாம் ஒரே வெளுப்பு. ரெண்டு கோட் அடிச்சிட்டேன். பத்து வருஷத்துக்கு அசையாது."

இந்த மனுஷனை என்னதான் செய்வது? வம்புக்குச் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். ஆசையாகச் செய்து தொலைத்திருக்கிறார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளுத்திருக்குன்னுதாங்க பொறுக்கினேன்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பேன்ல?"

"அஞ்சு மாசமா வேற என்னத்தைச் சொன்னேன்? காதுல வாங்கினாத்தானே."

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ம்ஹூம். பாழாய்ப்போன வேலையில் அத்தனை சுத்தம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கொடியில் காய்ந்த அவருடைய வேலை பேன்ட் கண்ணில் பட்டது. பல வருடத்துப் பெயின்ட் அதில்தான் இருந்தது. முழங்காலில் வெளிர் நீலம், தொடையில் நரைத்த நீலம், பாக்கெட் ஓரம் பச்சை கலந்த நீலம். கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பேன்ட் துண்டு துண்டாகிக் கரையோரம் அலையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கோபிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"இது ஆஸ்பத்திரி சுவரு," என்றார். விரல் நகர்ந்தது. "இது பள்ளிக்கூடத்து கேட்." இன்னொரு துண்டில் வெகுநேரம் நின்றது. "இது நம்ம முதல் வீடு."

அவளும் குனிந்து பார்த்தாள். அந்த வீட்டுப் பெயின்ட் இன்னும் அந்தப் பேன்ட்டில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறது?"

"வேலைக்கு எங்க போறீங்க? பலகையைத் தூக்க ஆள் வேணும்," என்றாள். "பிரஷ்ஷை மட்டும் வீட்ல வெச்சிட்டு வாங்க."