ஊசி பெருமாள் காலடியில் இருக்கிறது

ஒரே பெருமாளிடம் இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை மீறித்தான் ஆகவேண்டும் என்றால், எதை மீறுவது? பத்தொன்பது நாளாக இந்தக் கேள்வியோடு எழுந்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நான் அங்கே நிற்பதே எனக்குத் தெரிகிறது. பதில் இன்னும் கிடைக்கவில்லை.

வேண்டுதல் பலித்தவர்கள் இந்தப் பக்கங்களில் எழுதும்போது எழுத்திலேயே ஒரு நிம்மதி தெரியும். என் எழுத்தில் அது இருக்காது. ஆனால் என் வேண்டுதலும் பலித்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமாளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

நாங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை. அவருடைய அக்காவும் எங்களோடுதான் இருக்கிறார். மதினி என்று கூப்பிடுவேன். திருமணம் செய்துகொள்ளாதவர். தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே ஒரு புதுக்கோட்டை இருக்கிறது, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். எங்களுக்கு ஒரே மகள் வேதா. ஐந்து வயது நடக்கிறது.

வேதாவுக்கு ஒன்றரை வயதிலேயே வீசிங் வந்துவிட்டது. நானும் அப்போது டீச்சர்தான், கணக்குப் பாடம் எடுத்தேன். மாதத்துக்கு நாலு லீவு, ஐந்து லீவு. பள்ளிக்கூடத்தில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலையை விட்டேன். விட்டது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது கை சும்மா இருக்காது. சின்ன வயதில் கைவேலை வகுப்பில் படித்த குரோஷா பின்னலை மறுபடி எடுத்தேன். ஒரு ஊசி, ஒரு உருண்டை நூல். குழந்தைத் தொப்பி, காலுறை, சின்ன சட்டை என்று பின்னிக்கொண்டே இருந்தேன். பின்னும்போது மட்டும் என் நெஞ்சு படபடக்காது. ஒரு கண்ணி, அடுத்த கண்ணி, அவ்வளவுதான். அதையே ஒரு தொழிலாக்கலாம் என்று தோன்றியது. படித்த படிப்பு வீணாகிக்கொண்டிருக்கிறதே என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். வேதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை வேறு எது இருக்கிறது என்ற நினைப்பு ஒரு பக்கம்.

ஒரு கண்காட்சியில் மேஜை போட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள், அழகாயிருக்கு என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். சாமான்களைத் தூக்கிவர வந்த மதினி அங்கேயே சொன்னார்:

“ஏளா, நம்ம ஊர் வெயில்ல இந்தத் தொப்பியப் போட்டா தலையில சோறு வடிச்சிரலாம். உப்பளத்து ஊர்ல வந்து கம்பளி விக்கியே, யாரு வாங்குவா?”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். முப்பது தொப்பிகளும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. அன்றைக்குத்தான் பெருமாளிடம் முதல்முறை கேட்டேன். “குழந்தைக்கு மூச்சு நன்றாயிருக்க வேண்டும். என் கைக்கும் ஒரு வேலை கொடு.” இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். அப்படிச் சேர்த்துக் கேட்டதுதான் தப்போ என்று இப்போது நினைக்கிறேன்.

என் கணவர் வீட்டாருக்குத் தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயில் ஊர். கார்த்திகை வளர்பிறையில் வரும் கைசிக ஏகாதசியன்று பெருமாளுக்குக் குளிருமே என்று அங்கே போர்வை சாத்துவார்கள். வீட்டிலும் அப்படித்தான். பூஜையறையில் ஒரு சாண் உயரத்துக்கு எங்கள் கிருஷ்ணர் இருக்கிறார். அன்றிலிருந்து தை முடியும்வரை அவருக்குப் போர்வையும் சுக்குப் பாலும் உண்டு. போர்வை என்றால் மதினியின் பழைய துண்டில் கிழித்த ஒரு துணி. போன வருடம் அந்தத் துணியை மடித்துப் போர்த்திக்கொண்டே மதினி சொன்னார்:

“இந்த ஊர்லயே குளுருதது இவரு ஒருத்தருக்குத்தான்.”

எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. இரண்டே நாளில் நீல நூலில் மயில்கண் வைத்து, பூப்பூவாக ஒரு போர்வை பின்னி முடித்தேன். என் திறமையெல்லாம் காட்டியிருந்தேன். மதினி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னளா, முழுக்க ஓட்டையா இருக்கு? இதப் போத்துனா பெருமாளுக்குச் சளி பிடிச்சிரும். பெறவு அவரையும் நீதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையணும்.”

பிரித்தேன். நெருக்கமான கண்ணியில், ஒரு துளி வெளிச்சம்கூட நுழையாதபடி மறுபடி பின்னினேன். கூடவே ஒரு குல்லாய். போர்த்திவிட்டுப் பார்த்தபோது, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருந்தார். மதினி குல்லாயைக் கொஞ்சம் நேராக்கினார். படம் எடுத்து ஊர்ப் பஜனைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் கேட்டார்கள். தொப்பி பின்னி ஏமாந்த எனக்குப் பெருமாளே முதல் வாடிக்கையாளராக வந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

இந்த வருடம் ஆவணியிலேயே இருபத்துநாலு வீடுகளிலிருந்து கேட்டார்கள். எல்லாம் கைசிக ஏகாதசிக்குள் வேண்டும். நான் சும்மா சரி என்று சொல்லியிருக்கலாம். விளக்கேற்றி, கைகூப்பி, “இருபத்துநாலும் உன் நாளுக்குள் போய்ச் சேரும் பெருமாளே, இது என் வாக்கு” என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இது முதல் வாக்கு.

புரட்டாசியில் வேதாவுக்கு மறுபடி இழுப்பு தொடங்கியது. டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

“வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்காம்மா? பஞ்சு, கம்பளி நூல், அந்த மாதிரி?”

“இல்ல டாக்டர்” என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் புடவையிலேயே நீலத் தும்பு ஒட்டியிருந்தது. நான் அதைக் கையால் மறைத்துக்கொண்டேன். பெருமாளுக்குப் பின்னுகிற நூல் என் குழந்தையை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அறிவியலும் படித்தவள்தான். அதை நினைத்தால்தான் அதிகமாக வெட்கமாயிருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு நாள் மத்தியானம் வேதா விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருந்தை உறிஞ்ச வைத்தேன், கேட்கவில்லை. கணவர் துறைமுகத்துக்குள் இருந்தார், போன் போகவில்லை. மதினி புதுக்கோட்டையில். தெருமுனை ஆட்டோக்கார அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் தண்ணீருக்குள் ஆட்டோ நின்றுவிட்டது. அண்ணாச்சி இறங்கித் தள்ளினார். நகரவில்லை. வேதா என் மடியில். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அம்மா என்று சொல்லப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். “பெருமாளே, என் பிள்ளைக்கு மூச்சைக் கொடு. இனி நான் அந்த ஊசியைத் தொடமாட்டேன். சத்தியம்.”

இது இரண்டாவது வாக்கு.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. தார்ப்பாய் போட்ட ஓர் உப்பு லாரி. அவ்வளவு உயர வண்டி மட்டும்தான் அந்தத் தண்ணீரில் போக முடியும். டிரைவர் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

“புள்ளைய இங்கன குடுங்கக்கா. நீங்க அந்தக் கம்பியப் பிடிச்சு ஏறுங்க. பயப்படாதீங்க, இங்கனதான ஆஸ்பத்திரி.”

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வேதா கண்ணைத் திறந்து, “அம்மா, லாரி பெரிசு” என்றாள். ஆஸ்பத்திரித் தரை என்றுகூடப் பார்க்காமல் நான் அப்படியே விழுந்து சேவித்தேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நூலாவும் இருக்கலாம், இந்த ஈரமாவும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் நூல வீட்ட விட்டு வெளிய வச்சுப் பாருங்க” என்றார். மதினி மொத்த நூலையும், முடித்த பதினேழு போர்வைகளையும் மூட்டை கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்த் தன் பள்ளிக்கூட அலமாரியில் பூட்டிவிட்டார். ஊசியை மட்டும் நான் கிருஷ்ணர் காலடியில் வைத்தேன்.

பத்தொன்பது நாளாக வேதாவுக்கு ஒரு இழுப்பும் இல்லை. மழையும் அதே வாரத்தில்தான் நின்றது. எதனால் நல்லதாயிற்று என்று நான் எப்படிச் சொல்வது?

ஏகாதசிக்கு இன்னும் பதினொரு நாள். ஏழு போர்வை பாக்கி. முடித்த பதினேழைச் சலவை செய்து மதினியே அனுப்பிவிடுவார். அந்த ஏழில் ஆறு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். குழந்தை நன்றாயிருந்தால் போதும் என்றார்கள். ஏழாவது, ஊரில் ஓர் அம்மா. அவருடைய மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவருக்கு இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்துப் போனைத் திறந்தபோது அவர் குரல் செய்தி வந்திருந்தது.

“ஏம்மா, போர்வை ஆயிட்டாம்மா? அவசரமில்ல. எம்மவன் இப்ப பனி பெய்யுத கடல்ல இருக்கானாம். நான் அங்கன போயி அவனுக்குப் போத்த முடியுமா? பெருமாளுக்குப் போத்துனா அவனுக்குப் போத்துன மாதிரில்லா.”

அதை நான் பலமுறை கேட்டுவிட்டேன். அவரும் ஒரு தாய். அவரும் தன் பிள்ளைக்காகத்தான் கேட்கிறார். என் பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் பிள்ளையின் போர்வையை நான் உருவிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

கணவர் சொல்கிறார்: “பயத்துல சொன்னதுக்கெல்லாம் பெருமாள் உன்னக் கோர்ட்டுக்கா இழுக்கப் போறாரு?” அவருக்கு எல்லாம் எளிது. மதினி வேறு வழி பார்த்தார். “சத்தியம் பண்ணது நீதான, நான் பண்ணலயே. எனக்குச் சொல்லிக்குடு” என்று புது ஊசி வாங்கி, பள்ளிக்கூடத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்து பின்னினார். நான் ஊசியைத் தொடாமல் போனில் வாயால் மட்டும் சொன்னேன். அவர் பின்னியதைப் படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: “இது போர்வை இல்லளா, வலை. இத வீசுனா பெருமாளையே பிடிச்சிரலாம்.” எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. வாயால் சொல்லிக்கொடுத்ததும் வாக்கை மீறியதாகிவிடுமோ?

பட்டரிடம் கேட்டுவிடலாம் என்று போன சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். துளசியும் தீர்த்தமும் கொடுத்தார். கேட்க வாயெடுத்தேன். மீறலாம் என்று அவர் சொல்லி, அதன்பிறகு வேதாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூடாது என்று சொல்லிவிட்டால், என் கையை நான் என்ன செய்வேன்? கேட்காமலே திரும்பிவிட்டேன்.

நான் மாறியிருக்கிறேன். டாக்டரிடம் பொய் சொல்வதில்லை. வேதா மூச்சு விடுவதை ஒவ்வொரு நாளும் கொடையாகப் பார்க்கிறேன். பெருமாள் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீருக்கு நடுவே நின்று கூப்பிட்டேன், கை நீட்டினார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது பதிலுக்கு எதையாவது எடுத்து நீட்டிவிடாதீர்கள். அவர் கேட்கவேயில்லை. நான்தான் பதறிப்போய், அவரே எனக்குக் கொடுத்ததை எடுத்து அவரிடம் திருப்பி நீட்டினேன்.

இன்று காலை விளக்கேற்றும்போது வேதா கேட்டாள். “கிருஷ்ணருக்குப் போன வருஷப் போர்வையேவா? அது அவருக்குக் குட்டையாப் போயிருக்குமே. நான் வளந்துட்டேன்லா?”

ஆகவே அக்காமாரே, அம்மாமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். பயத்தில் செய்த சத்தியத்தை யாராவது பெருமாளிடம் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? எப்படிக் கேட்டீர்கள்? வீசிங் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது நூல் வேலை செய்கிறீர்களா? பருத்தி நூல் என்றால் தும்பு பறக்காதா? வீட்டுக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து பின்னினால் போதுமா, அல்லது உடுத்தியிருக்கும் துணியிலேயே வந்துவிடுமா? அந்தக் கப்பல்காரப் பையனின் அம்மாவுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? என் சமாதானத்துக்காக எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

பதினொரு நாள் இருக்கிறது. ஒரு போர்வைக்கு எனக்கு இரண்டு நாள் போதும். ஊசி பெருமாள் காலடியில் இருக்கிறது. எடுக்கலாமா? சொல்லுங்கள்.