வலக்கை நரம்பை அளந்த நாள்

கண்டி டவுனில் முப்பது வருடமாக நான் மற்றவர்களின் உடம்பை அளந்து தைக்கிறேன். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் எந்த ஆணும் வயிற்றை எக்கிக்கொள்வான். அந்த அளவில் தைத்துக் கொடுத்தால் கல்யாணப் பந்தியில் பொத்தான் பறக்கும். பழி என் தலையில் விழும். அதனால் டேப்பைப் பிடித்தபடியே, "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டுவைப்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு போகும், வயிறு தன் இடத்துக்கு வரும். அந்த நொடியில் அளவை எடுத்துவிடுவேன்.

போன வருடம் என் வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கின. கத்தரிக்கோல் இரண்டு முறை நழுவியது. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கையைத் தவிர வேறு சர்ட்டிபிகேட் கிடையாது. மணிக்கட்டில் ஒரு சின்ன ஒபரேஷன் தேவைப்படலாம் என்றார் கிளினிக் டாக்டர். சின்னது என்றால் யாருக்குச் சின்னது என்று மூன்று வாரம் யோசித்தேன். அதற்கு முன், கையை வளைக்கும்போது நரம்பு எவ்வளவு நீள்கிறது, நகர்கிறது என்று ஆராய்கிற ஓரிடத்தில் அளந்து வரவேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் முடிவு.

"இழுக்கிறப்போ நரம்பு அறுந்துட்டா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வருஷக்கணக்கா எலாஸ்டிக்க இழுக்கிறீங்களே, அறுந்துச்சா?"

"அறுந்திருக்கே."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

வீடிருக்கும் அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் போகும்போதே மேல் கம்பியை இடக்கையால்தான் பிடித்தேன். அளக்கப்போகிற நரம்பை வழியிலேயே இழுத்துவிடக் கூடாதல்லவா.

அளந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். என் முன்கையில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். ஒரு சிறு இயந்திரம் என் உள்ளங்கையை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தது.

"கையை நீட்டி வையுங்கோ அண்ணை. தலையை மற்றப் பக்கம் சரியுங்கோ. அப்பதான் நரம்பு இழுபடும்."

இழுபடும் என்றாரே! தலையைச் சரித்தேன்தான். ஆனால் கை வளைய வளைய, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, தோளைக் காதுவரை தூக்கி, நரம்புக்குத் தளர்வு கொடுத்துக்கொண்டே இருந்தேன். திரையைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"இந்த அளவை எழுதினா, ஒண்டுமில்லை எண்டு டாக்டர் உங்களை அனுப்பிப்போடுவார்."

"அதுதானே மிஸ் எனக்கு வேணும்."

"உங்கட விரலுக்கும் அதுதானோ வேணும்?"

இன்னும் இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் தோள் ஏறிக்கொண்டது. நான்காவது முறை இயந்திரம் ஓடத் தொடங்கியபோது, "அண்ணை தையல்காரர் எல்லோ? கையைத் தூக்கேக்க என்ர பிளவுஸ் அப்பிடியே மேல ஏறுது. ஏன்?" என்று கேட்டார்.

"கைக்குழிய ஆழமா வெட்டியிருப்பாங்க மிஸ். தாராளமா இருக்கட்டும்னு நெனச்சு வெட்டுறது. அக்குளோட ஒட்டி வெட்டினாத்தான் பிளவுஸ் ஏறாம கையத் தூக்கலாம். இத எத்தன பேருக்குச் சொல்றது..."

"எடுத்தாச்சு," என்றார்.

என் தோள் அதன் இடத்தில் இருந்தது. முப்பது வருடம் நான் அடுத்தவர்களுக்குச் செய்ததை ஒரு நிமிடத்தில் எனக்குச் செய்துவிட்டார்.

நரம்பு அறுகிற நிலையில் எல்லாம் இல்லையாம். முழங்கைப் பக்கம் நன்றாகவே நகர்கிறதாம்; மணிக்கட்டில்தான் நெருக்குப்பட்டு நிற்கிறது. டாக்டருக்கு அப்படியே எழுதினார். ஒபரேஷன் நடந்தது. சின்னதுதான், பயந்ததுதான் பெரிது.

இரண்டு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். துணியோடு ஒரு பழைய பிளவுஸையும் மேசையில் வைத்து, "இதை அளவுக்கு வைச்சுத் தையுங்கோ," என்றார்.

"இது அந்த மேல ஏறுற பிளவுஸ்தானே மிஸ்?"

"ஓம்," என்றவர் சிரித்துவிட்டார்.

பிளவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன். அதன் விளிம்பு, மரத்துக் கிடந்த பெருவிரலில் லேசாக உறுத்தியது.