பதிவு நேரம்

சுகாதாரத் துறையின் ஆலோசனைப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. நீளமான மேசை ஒன்று, அதைச் சுற்றி ஐந்து ஆலோசகர்கள். ஐவரும் வெவ்வேறு வேலையிலிருந்து வந்தவர்கள். டாக்டரம்மா இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர். விரலில் நடுக்கம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இங்கே வந்தார். ஒருவர் காப்பீட்டுக் கம்பெனிக்காரர், எந்த நோயைச் சொன்னாலும் "இது எத்தனை பேருக்கு வரும்?" என்றுதான் முதலில் கேட்பார். ஒருவர் வக்கீல். இன்னொருவர் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்தியவர். ஐந்தாமவருக்கு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி பட்டம் எதுவும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் பத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தவர். எல்லாரும் அவரை 'ரெக்கார்டு' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

அவர் அந்த மேசைக்கு வந்த கதை எட்டு வருடம் பழையது. அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியை அரை மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்தாக வேண்டும், தவறினால் பணியில் இருந்தவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. டாக்டர்கள் மூன்று பேர். கூட்டமோ வாசலைத் தாண்டி நின்றது. விளக்கம் எழுதி எழுதியே ஓய்ந்துபோன தலைமை நர்ஸ் ஒரு நாள் ரெக்கார்டின் கவுண்டரில் சாய்ந்துகொண்டு அழுதேவிட்டார்.

யாராவது அழுதால் கையைக் கட்டிக்கொண்டிருக்க ரெக்கார்டுக்கு வராது. படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், இதுல வந்த நேரம்னு எங்கயும் போடல. பதிவு நேரம்னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னு யாரும் எழுதி வைக்கலையே. வாசல்ல வெறும் டோக்கன் குடுப்போம். டாக்டர் ஃப்ரீ ஆகற நேரமாப் பாத்துக் கூப்பிட்டு, அப்பப் பதிவு பண்ணுவோம்."

மூன்று மணி நேரக் காத்திருப்பு ஒரே வாரத்தில் பத்தொன்பது நிமிடமானது. காகிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் ஃபோன் போட்டுக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எண்களைப் பார்த்து மகிழ்ந்துபோன மேலிடம், இவ்வளவு சுத்தமாகக் கணக்கு அனுப்புகிறவர் யார் என்று விசாரித்து, 'களத்தை உள்ளிருந்து அறிந்தவர்' என்று குறிப்பெழுதி அவரை ஆலோசகராக்கியது. அவருடைய அக்கா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு கோப்பு மேசைக்கு வந்தது. சராசரிக் காத்திருப்பு பத்தொன்பது நிமிடமே என்பதால் பதினான்கு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் மூன்றாவது டாக்டர் தேவையில்லை, அவர்களைப் புதிய பரிசோதனை மையங்களுக்கு மாற்றலாம் என்றது கோப்பு. பட்டியலில் முதல் பெயர் ரெக்கார்டின் பழைய ஆஸ்பத்திரி. ஐவரின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது, நான்கு விழுந்தால் கோப்பு செல்லும்.

"கூட்டமே இல்லாத இடத்துல மூணு டாக்டர் எதுக்கு? சீட்டாடணும்னாலும் நாலு பேர் வேணுமே" என்றார் காப்பீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ரெக்கார்டு மட்டும் படித்துப் பார்க்க இரண்டு வாரம் அவகாசம் கேட்டார்.

அந்த இரண்டு வாரத்துக்குள் அக்காவுக்கு ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி வந்தது. எது பக்கமோ அங்கேதானே போக முடியும்? பழைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு ஓடினார். டோக்கன் எழுபத்தொன்று. கூப்பிட்டுக்கொண்டிருந்தது இருபத்தாறு. சுவரில் இருந்த திரையில் 'சராசரிக் காத்திருப்பு 19 நிமிடம்' என்று பச்சை எழுத்து ஓடியது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். "என்னடா, பத்தொன்பது நிமிஷம்னு போட்டிருக்கு?" என்றாள். அவர் டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கவுண்டரில் இருந்த பெண் தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். "சார், நீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அம்மாவை உள்ள கூட்டிட்டு வாங்க."

வரிசையில் அடுத்து இருந்தவர் கையைச் சுற்றியிருந்த துண்டு சிவப்பாக நனைந்திருந்தது. அந்த ஆள் சண்டைக்கு வரவில்லை. அக்கா நடந்துபோக வழிவிட்டுத் தன் காலை மடக்கிக்கொண்டார், அவ்வளவுதான். ரெக்கார்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோனார்.

அக்காவை இரண்டு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மருந்து ஏறியதும் அவள் தூங்கினாள். வெளியே தலைமை நர்ஸ் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். தலை பாதி நரைத்திருந்தது.

"நீங்க காட்டின வழிதான் சார் இன்னிக்கும் எங்களைக் காப்பாத்துது."

"சிஸ்டர், மூணாவது டாக்டரை எடுக்கப் போறாங்க."

நர்ஸின் கை ட்ராலியில் நின்றது. "ஐயோ! விடாதீங்க சார். இப்பவே மூச்சு விட நேரமில்ல."

"தடுக்கணும்னா டோக்கன் விஷயத்தைச் சொல்லணும்."

"அதைச் சொன்னா எங்க வேலை போயிடும். நான் ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. சொல்லாதீங்க."

"டாக்டரும் போகக் கூடாது, விஷயமும் வெளிய வரக் கூடாதுன்னா எப்படி சிஸ்டர்?"

"அன்னிக்கு ஒண்ணு கண்டுபிடிச்சீங்கல்ல? இதுக்கும் ஏதாவது கண்டுபிடிங்க" என்றார் நர்ஸ். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நான்கு நாள் கழித்து, தன்னை ஆலோசகராக எடுத்த துறை இயக்குநரின் அறைக்குப் போய், தான் செய்ததை மட்டும் சொன்னார். வேறு யார் பெயரையும் எடுக்கவில்லை. இயக்குநர் முழுதும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பத்தொன்பதைப் பாத்துத்தான் உங்களை எடுத்தேன். இப்ப அது தப்புன்னா பதிவு பண்ணின ஒவ்வொருத்தரையும் விசாரிக்கணும். உங்க பழைய ஆஸ்பத்திரியில இருந்தே ஆரம்பிக்கலாமா?"

"என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிடுங்க சார்" என்றார் ரெக்கார்டு.

"அந்த வேலை எங்க இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயாச்சு. அந்தப் பதவிகளை எடுத்த உத்தரவுலயும் உங்க கையெழுத்து இருக்கு." இயக்குநர் குரலைத் தணித்தார். "ஒண்ணு பண்றேன். உங்க ஆஸ்பத்திரியை லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

கூட்டம் நடந்த அன்று டாக்டரம்மா பேனாவைத் திறக்கவே இல்லை. "எனக்கு ஒரு சந்தேகம். நான் வேலை பாத்த காலத்துல அவசரப் பிரிவு இப்படிக் காத்தாட இருந்து பாத்ததே இல்ல. இந்த நேரத்தை எப்ப இருந்து எண்ணறாங்க?"

"அதை ரெக்கார்டு சார்தான் சொல்லணும். அவர் அந்த வேலையில இருந்து வந்தவர்" என்றார் இயக்குநர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பதிவு பண்ற நேரத்துல இருந்து, மேடம். விதிப்படிதான்" என்றார் ரெக்கார்டு.

கையெழுத்து நான்கு விழுந்தது. கோப்பில் டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான்கே போதுமானதாக இருந்தது. பதிமூன்று ஆஸ்பத்திரிகளில் அந்த மாதமே மூன்றாவது டாக்டர் இல்லாமல் போனார். தலைமை நர்ஸ் ஃபோனில் கூப்பிட்டு, "எங்களைக் காப்பாத்திட்டீங்க சார், நல்லா இருப்பீங்க" என்றார். ரெக்கார்டு மாடி நடையில் நின்றபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி சிஸ்டர்" என்று வைத்தார்.

அக்கா தேறி வீட்டுக்கு வந்தாள். டாக்டரம்மாவோ வியாழக்கிழமைதோறும் மதியம் வெளியே கிளம்பத் தொடங்கினார். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, உள்ளே நுழைகிறவர்கள் நுழையும் நேரத்தைத் தானே குறிக்கிறார் என்று காப்பீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். கை நடுங்குவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதாம்.

"நீங்களும் வாங்களேன் ரெக்கார்டு. உங்களுக்குத்தான் எழுத்து நல்லா இருக்கு" என்று ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மாவே வந்து கூப்பிட்டார்.

"வேலை இருக்கு மேடம்."

"சரி. இது ஆறாவது வாரம். இன்னும் நாலு வாரம் எடுத்தாப் போதும்."

அவர் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ரெக்கார்டு நாலாவது மாடி ஜன்னலில் நின்று, அவர் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவதைப் பார்த்தார். நாலு வாரம் கழித்து அந்த நோட்டு இதே மேசைக்கு வரும். அந்த நாளை நினைத்துப் பயப்படுகிறோமா, அதற்காகக் காத்திருக்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. பஸ் வந்து போகும்வரை ஜன்னலிலேயே நின்றார்.