என் பெயருக்கு வேறொருத்தி சொன்ன பதில்

மருமகன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மாதம் பிறந்து இன்சென்டிவ் கைக்கு வந்துவிட்டால் உலகத்தைத் திருத்தப் புறப்பட்டுவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் வாத்தியார்கள் மாட்டினார்கள்.

"எத்தன பீஸ் ஓட்டறமோ அதுக்குத் தக்க காசு எங்களுக்கு. வாத்தியாருக்கும் அப்பிடி வெக்கணும் அத்தை. புள்ளைங்க எவ்ளோ படிக்குதோ அவ்ளோ சம்பளம்" என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் சின்ன வயதின் ராகித்தாள், அந்தக் கேழ்வரகு வைக்கோல், குத்தியது. இந்த வயதிலும் குத்துகிறது.

கெலமங்கலத்திலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் எங்கள் ஊர். நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த விவசாயி, தன் மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர்தான் மேனேஜர். அரசாங்கம் அவருக்குக் கிராண்ட் கொடுக்கும். அதிலிருந்து அவர் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பார். இருந்ததோ ஒரே ஒரு வாத்தியார், சேலத்துப் பக்கத்து இளைஞர். எங்கள் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ். எங்கள் வழக்கப்படி அவரை அய்யவாரு என்று கூப்பிட்டோம். தட்டிக்கு அந்தப் பக்கம் எருமைகள் அசைபோடும், இந்தப் பக்கம் நாங்கள் வாய்ப்பாடு சொல்வோம். சில நாள் எருமைகள்தான் ஒழுங்காக இருக்கும்.

ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் திருப்தியாக எழுதவில்லை, கிராண்டைக் குறைத்துவிட்டார்கள். மேனேஜர் கொட்டகைக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் சட்டம் போட்டார்.

"இன்ஸ்பெக்டர் நல்லா எழுதினா முழுச் சம்பளம். இல்லன்னா பாதிதான். ஒங்க சோறு இந்தப் புள்ளைங்க வாயில இருக்குது வாத்தியாரே, பாத்துக்கோங்க."

அய்யவாரு தலையை ஆட்டினார். அவர் மனைவி அப்போது நிறைமாதம். அந்த அம்மாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்க முடியாமல் தூக்குவதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் சொன்னது எனக்குத்தான் என்று பட்டது. ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே மிக மோசமான வாய் என்னுடையது. உட்கார்ந்திருக்கும்போது தெரிந்த கணக்கு, எழுந்து நின்றதும் ஓடிவிடும். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் தானாக ஆடும். ஒருமுறை பாவாடையே நனைந்துவிட்டது. அவர் வீட்டில் உலை வைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்து இரவில் விழித்துக்கொண்டு கிடப்பேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஆள் குறையவும் கூடாது, வந்தவர்கள் முழிக்கவும் கூடாது. இதற்கு எங்கள் பக்கத்து வாத்தியார்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் வாங்குவதுபோலப் பிள்ளைகளை இரவல் வாங்குவார்கள். அஞ்செட்டிப் பக்கத்தில் அய்யவாருவுக்குச் சிநேகிதரான ஒரு வாத்தியார் இருந்தார். அது வேறு இன்ஸ்பெக்டரின் எல்லை. அங்கிருந்து கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணை முந்தின நாளே மாட்டுவண்டியில் அழைத்து வந்துவிட்டார்கள். அவள் என் பெயரில் என் இடத்தில் உட்காருவாள். நான் கண்ணில் படக்கூடாது.

ஒளிவது எங்களுக்குப் புதிதில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ராகித்தாள் போருக்குள் புகுந்துகொள்வோம். இன்ஸ்பெக்டர் வந்த அன்றும் அம்மா என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, "மூச்சு வுடாத. ஒன்னால அய்யவாரு குடும்பம் கெட்டுதுன்னு பேர் வேணாம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்குப் போனாள்.

தாள் முதுகில் குத்தியது. உள்ளே எறும்பு வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் காதில் விழுந்தது. அய்யவாரு ஆஜர் எடுத்தார். என் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா" என்றது ஒரு குரல்.

அந்த நிமிஷத்தைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை. இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே, பேய் பெயரைக் கொண்டுபோய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே பட்டப்பகலில் என் பெயரை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். எனக்கு இனிமேல் பெயர் இல்லை, வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கே என்னைத் தெரியாது என்று நினைத்தேன். பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பெண் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சபாஷ்! அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். உன்னைத்தான் முதல்ல கேப்பேன் பாப்பா" என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை!

அந்த மாதம் முழுச் சம்பளம் வந்தது. அய்யவாரு வீட்டில் ஆண் குழந்தையும் பிறந்தது. ஆனால் சர்க்கரை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் ரத்தமில்லை. அஞ்செட்டிப் பெண்ணின் அப்பா குடும்பத்தோடு கூலி வேலைக்கு பெங்களூர் போய்விட்டாராம். மறுபடியும் இரவல் கிடைக்க வழியில்லை.

"கண்ணு, இனிமே நீதான்" என்றார். சர்க்கரையை என் கையில் கொட்டினார், கொஞ்சம் தரையில் சிந்தியது.

அந்த வருஷம் முழுக்க அவர் எனக்கு மட்டும்தான் பாடம் நடத்தினார். இதைத்தான் மருமகன் காது கொடுத்துக் கேட்கவேண்டும். மற்ற பிள்ளைகளைச் சிலேட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்துவிடுவார். திட்டினார், கெஞ்சினார், ஒரு தடவை பிரம்பையும் எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சலித்துப்போய் சுவரில் கரி பூசிய பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ கேட்டார். நான் சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னேன். முகம் தெரியாவிட்டால் எனக்கு நாக்கு வந்தது. அன்று முதல் அவர் சுவரோடு பேசினார், நான் அவர் முதுகோடு பேசினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். முதலில் ஒரு காது தெரிந்தது, அப்புறம் பாதி முகம்.

எனக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பையன் உட்காருவான். எட்டாம் வாய்ப்பாட்டை எருமைக்கும் கேட்கும்படி சொல்கிறவன். அவன் அந்த வருஷம் சிலேட்டில் எருமை வரைந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அய்யவாருவின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"எங்க அந்தக் கணக்குப் பாப்பா?" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். நான் எழுந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உனக்கு மொகமெல்லாம் அம்மைத் தழும்பு இருந்துச்சே?"

தட்டிக்கு அந்தப் பக்கம் எருமை மூச்சு விடுவது கேட்டது. அய்யவாரு எல்லாவற்றையும் யோசித்திருந்தார், அஞ்செட்டிப் பெண்ணின் முகத்தை மட்டும் யோசிக்கவில்லை. அவர் மட்டுமா, யாருமே யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தழும்பு முகம்தான்; அதை யார் அடையாளமாக வைத்துக்கொள்வார்கள்? வெளியூர் மனிதருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. அய்யவாரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதிரே அவர் வீட்டு வாசலில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

 என் நாக்கு எப்படியோ பிரிந்தது.

"மாரியம்மா குடுத்தா. மாரியம்மாவே திருப்பி எடுத்துக்கிட்டா சார்."

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே!" என்றார். அவருக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் போட்டுக்கொண்டார், கிராண்ட் அவருக்கும் வேண்டுமே. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், அய்யவாருவைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"படி ஆறணாவுக்கு ராகி வாங்கினா எட்டுப் படி என்ன வெல?"

அய்யவாரு ஏதோ அழிப்பதுபோல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த நனைந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதனிடம், "மூணு ரூவா" என்றேன். அடுத்ததைக் கேட்டார், சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன்.

பிறகு பக்கத்துப் பையனை எழுப்பினார். "ஏழெட்டு?" அவன் வாயைத் திறந்தான், மூடினான். போன வருஷம் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான். முழங்கால் ஆட, அழ ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. "போதும், உக்காரு" என்று சொல்லிவிட்டு, நல்லபடியாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போகும்போது என்னிடம் குனிந்து, "போன வருஷம் உன்னைப் புகழ்ந்து மேல எழுதினவன் நான்தான். மாரியம்மா என்னையும் காப்பாத்தட்டும்" என்றார். அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்திருக்கிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

முழுச் சம்பளம் வந்தது. அய்யவாரு குடும்பம் பிழைத்தது. அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். எதிர்வீட்டுப் பையன் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. மேனேஜரின் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனான். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கம் போனான், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மருமகன், "ஆனா நீங்க கணக்குக் கத்துக்கிட்டீங்க இல்ல அத்தை?" என்றார்.

"கத்துக்கிட்டேன் மாப்ள. எனக்குத்தான வெல வெச்சிருந்தாங்க. அவனுக்கு வெக்கல" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் காபி எடுக்க உள்ளே போனாள்.

இப்போதும் ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ என் பெயரைக் கூப்பிட்டால் நான் உடனே எழுந்திருப்பதில்லை. "காது கேக்கலையா பாட்டி?" என்று அதட்டுகிறார்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. வேறு யாராவது "உள்ளேன்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.