மணிக்கு முந்திய இரண்டு நிமிடம்

மாகாணச் சட்டமன்றத்தில் முப்பத்தோரு வருடம் சுருக்கெழுத்து எழுதியவரை எல்லோரும் பென்சிலம்மா என்றே கூப்பிட்டார்கள். சபையில் எகிறிக் குதித்த உறுப்பினர்கள்கூட வெளியே வந்ததும், "பென்சிலம்மா, நான் திட்டினதை மட்டும் விட்டுடுங்களேன்" என்று குழைவார்கள். அவர் எதையும் விட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார். மணி அடித்து, அடுத்தவர் எழுதத் தொடங்கிய பிறகே எழுந்திருக்க வேண்டும். நகரசபைகளுக்கு மக்களே ஆள் தேர்ந்தெடுக்கும் சட்டம் ஓட்டுக்கு வந்த மதியம், மகள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சீட்டு வந்தது. மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். பெற்ற மனம் கேட்குமா? ஓடிவிட்டார்.

மகளுக்குக் கையில் ஒரு கட்டோடு போயிற்று. ஆனால் சபாநாயகர் முடிவை அறிவித்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான். பத்திரிகைகள் ஆளுக்கொரு கணக்கு எழுதின. மறுநாள் பென்சிலம்மா வாசல் சேவகரிடம் பேச்சுவாக்கில் விசாரித்து, நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று அவைக்குறிப்பில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாகாணத்தின் வரலாறு வாசல் சேவகரின் காதை நம்பி நின்றது.

சட்டம் வந்தது. நகரசபைகளில் மேலிடம் நியமித்திருந்த பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள். வாயாடி என்று பேர் வாங்கிய பென்சிலம்மாவின் நாத்தனார் தேர்தலில் ஜெயித்து, அந்த வாயாலேயே மூன்று தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, வீட்டுக்குப் போன பெரிய மனிதர்களில் ஒருவர் வழக்குப் போட்டார்: அன்று ஓட்டு சமம், சட்டமே செல்லாது. நீதிமன்றம் மூல நோட்டுகளைக் கேட்டது. பென்சிலம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆவண அறைக்கு இருவரை வரச்சொல்லியிருந்தார்கள். இன்னொருவர், அன்று அவருக்கு அடுத்து எழுத வேண்டியவர். மந்திரி முழங்கும்போதுகூட வாயைப் பிளப்பதால் கொட்டாவி என்று பெயர்.

அதிகாரி பென்சிலம்மாவின் நோட்டைப் புரட்டினார். பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது.

"மிச்சம் எங்கம்மா?"

அவர் வாய் திறக்குமுன் கொட்டாவி தன் நோட்டை நகர்த்தினார். "இதுல இருக்கு சார்."

அடுத்து எழுதுபவர் கை பழக மணிக்கு முந்தியே எழுதத் தொடங்கினால், அந்தப் பகுதியைக் கோடு போட்டுத் தள்ளிவிடுவது வழக்கம். அதை யாரும் படிப்பதில்லை. அந்தக் கோட்டுக்கு மேலே, பென்சிலம்மா விட்ட இடத்திலிருந்து எல்லாம் இருந்தது. பென்சிலம்மாவே படித்துக் காட்டினார். ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு நாற்பது. அதிகாரி இரண்டு நோட்டையும் உறையிலிட்டு முத்திரை வைத்தார்.

வெளியே படிக்கட்டில் பென்சிலம்மா கொட்டாவியிடம் கேட்டார்: "எப்ப எழுதினீங்க?"

"நீங்க ஓடினதைப் பார்த்தேன். வந்து உக்காந்துட்டேன்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா, நீங்க ஓடினது எனக்குத் தெரியும்னு ஆயிடும். தினம் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறவங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல."

பென்சிலம்மாவுக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும், கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. படியில் உட்கார்ந்து, சேர்த்துவைத்த அழுகையை எல்லாம் அழுதார். அழுது முடித்ததும் அவருக்கு நன்றாகப் பசித்தது.