காதோரத் துளையும் கீழ்முதுகுக் குழியும்

பிப்ரவரி 12, புதன்கிழமை. ஏழு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பத்தரைக்கு மகளுடன், ஒன்றரை மாதப் பேத்தியின் தடுப்பூசிக்காகக் கரையான்சாவடி சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த நர்ஸ் ஒல்லியானவர், நரைத்த கொண்டை. எந்தக் குழந்தையையும் துணி முழுவதையும் கழற்றிப் பார்க்காமல் அவர் ஊசி போடுவதில்லை.

எங்கள் கவலையெல்லாம் பேத்தியின் காதோரத்தில் குண்டூசி முனையளவு இருந்த துளைதான். மகள் அதைத் திருஷ்டிப் பொட்டால் மறைத்து வந்தாள். நர்ஸ் பொட்டைத் துடைத்துப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, இதுக்கா பயந்துகினு கீறே? எனக்கே கீது, பாரு" என்று தன் காதோர முடியை ஒதுக்கிக் காட்டினார். "வீங்கினா, சீழ் வந்தா மட்டும் இட்டுகினு வா."

மகள் சிரித்தாள். நர்ஸ் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தார். கீழ்முதுகின் நடுவே ஒரு சிறு குழி, அதில் கொத்தாக முடி. 'குட்டி வால்' என்று நாங்கள் கொஞ்சிய இடம்.

"சார், இத்தத்தான் பாக்கணும். உள்ள தண்டுவடம் நல்லா கீதான்னு ஸ்கேன்ல தெரியும். ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம். ஆனா எலும்பு கெட்டியாயிட்டா ஸ்கேன்ல சரியா தெரியாது, அதுக்குள்ள எடுத்துடுங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார்.

தினமும் குளிப்பாட்டிய எங்களுக்குத் தோன்றாதது அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்ததை இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை முதல் வேலையாக, ஆறு மணிக்கே, பேத்தியுடன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினோம்.